சும்மா நின்ற கார்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை டிக்கோயாவிலிருந்து தொலைபேசி வந்தது. "மாஸ்டர், அப்பா போயிட்டாங்க," என்றாள் மரியா. ஹட்டன் ரயில் நிலையத்தின் முன் பல ஆண்டுகள் வாடகைக் கார் ஓட்டிய அந்தோனிமுத்துவின் மகள் அவள். அவரது கறுப்புக் காரில் ஏறியவர்கள் உங்களில் பலர். அவரைப் பற்றி எழுத நான் தகுதியானவனா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஆனால் ஒரு சம்பவத்தை என்னைத் தவிர வேறு யாரும் எழுத முடியாது. அது என் பிழையைப் பற்றியது.

எண்பதுகளின் நடுப்பகுதியில் நான் ஹட்டனில் இரசாயனவியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். நகர வீதியில் ஓடும் கார்கள் ஒரு நாளில் எவ்வளவு காபனீரொட்சைட்டை, அதாவது கரியமில வாயுவை, வெளிவிடுகின்றன என்று மதிப்பிட்டு, நுவரெலியாவில் விஞ்ஞான ஆசிரியர் கூட்டமொன்றில் கட்டுரை வாசிக்க ஒப்புக்கொண்டிருந்தேன். மேடை என்றாலே வியர்க்கும் எனக்கு அதுதான் முதல் கட்டுரை. ஒரு கடை வாசலில் உட்கார்ந்து கார்களை எண்ணினேன். ஓடிய தூரத்திலிருந்து எரிந்த பெட்ரோலையும், பெட்ரோலிலிருந்து வாயுவின் நிறையையும் கணக்கிட்டேன்.

அந்தோனிமுத்துவிடம் நான் கேட்காத கேள்வி இல்லை. காற்றிலுள்ள ஒட்சிசனும் சேர்வதால், எரிந்த பெட்ரோலைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு நிறையுள்ள வாயு வெளிவரும் என்றபோது அவர் சிரித்துவிட்டார்.

"பெட்ரோல விட பொகை கனக்குமா? தேயிலைக் கொழுந்து நிறுக்கிற தராசுல போட்டுப் பாத்துருவோமா மாஸ்டர்?"

"தோட்டத்துல கொழுந்துக்குக் கழிக்கிற மாதிரி இதுக்கும் ஈரத்துக்குன்னு கழிச்சிருவாங்கண்ணே," என்றார் பக்கத்துக் கார்க்காரர்.

ரயிலுக்காகக் காத்திருக்கும்போது கார் என்ன செய்யும் என்றும் கேட்டேன். "சும்மா நிக்கும் மாஸ்டர்," என்றார். 'நிற்கும் கார்கள்: பூச்சியம்' என்று கொப்பியில் எழுதி அடிக்கோடும் இட்டேன்.

கூட்டத்துக்கு மூன்று நாட்கள் இருந்தன. கட்டுரையை ரோனியோவில் பிரதி எடுத்தாயிற்று. ரயில் நிலையத்தின் முன் அவரோடு பேசிக்கொண்டே காரின் பொனட்டில் கை வைத்தேன். அது நடுங்கிக்கொண்டிருந்தது. அதுவரை அவரோடு பேசியதெல்லாம் அந்தக் கடை வாசலில்தான்; அங்கே பஸ் இரைச்சலுக்குள் எனக்கு அது கேட்டதேயில்லை.

"என்ஜின் ஓடுதே!"

"ஓடாம? இந்தக் குளிருல அணைச்சா திரும்ப எடுக்காது. அப்புறம் நீங்கதான் தள்ளணும்."

"சும்மா நிக்கும்னு சொன்னீங்களே?"

"சும்மாதானே நிக்குது? எங்கயும் போகலியே!"

வரிசையில் நின்ற மற்றக் கார்களையும் தொட்டுப் பார்த்தேன். பெரும்பாலானவை நடுங்கின. காய்ச்சல், கூட்டத்துக்கு வர முடியாது என்று கடிதம் அனுப்பிவிடப் போவதாகச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது. "தெரியாமதானே எழுதுனீங்க? ஒளியிறதுக்கு என்ன இருக்கு? நிக்கிற காரு எவ்வளவு குடிக்குதுன்னு பாப்போம், வாங்க."

மறுநாள் ஒரு மருந்துப் போத்தலோடு வந்தார். மகளின் இருமலுக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்தது. ஒரு வேளைக்கு எவ்வளவு என்று காட்டும் தாள் கோடுகள் அதில் ஒட்டியிருந்தன. அதில் பெட்ரோலை ஊற்றி, இறப்பர்க் குழாயால் என்ஜினோடு இணைத்துவிட்டார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கார் ஓர் அங்குலமும் நகரவில்லை.

"மூணு வேள மருந்து தீந்துருச்சு மாஸ்டர்!"

நுவரெலியாவுக்கு அவரே என்னை அழைத்துச் சென்றார். கட்டுரையை வாசித்து முடித்து, "கடைசிப் பக்கத்திலுள்ள தொகை பிழையானது," என்றேன். திருத்திய தொகையைக் கரும்பலகையில் எழுதினேன். அதில் நிற்கும் கார்களின் பங்கு, ஓடும் கார்களின் பங்கைத் தாண்டியிருந்தது. இதை யார் கண்டுபிடித்தது என்று ஒருவர் கேட்டார். வெளியே போய் அந்தோனிமுத்துவைக் கூட்டிவந்தேன். போத்தலைத் தூக்கிக் காட்டி அவர் விளக்கினார். அதன்பின் வந்த கேள்வியெல்லாம் அவருக்குத்தான். திரும்பும் வழியில், "காய்ச்சல் எப்படி இருக்கு மாஸ்டர்?" என்று மட்டும் கேட்டார்.

அந்தப் போத்தல் இப்போதும் மரியாவிடம் இருக்கிறது. அது அங்கேயே இருக்கட்டும். என்னிடம் இருப்பது ஒரு பழக்கம். எதற்கும் பூச்சியம் போடுமுன் போய்க் கை வைத்துப் பார்ப்பேன். அடக்கத்தன்று பெட்டியருகே மரியா சொன்னாள், "சும்மா படுத்திருக்கிற மாதிரியே இருக்காங்கல்ல மாஸ்டர்?" நான் அவர் கைமேல் கை வைத்துப் பார்த்தேன்.