தார் காஞ்சிருச்சா?

முள்ளுக்குறிச்சி மண்டி வாசலில் லாரிகள் நிற்கிற இடத்துக்கு, வருஷா வருஷம் மழைக்கு முன்னால் தார் ஒட்டுப் போடுவது எங்கள் கும்பலின் வேலை. கொல்லிமலை மிளகும் பலாவும் தலைச்சுமையாக அங்கேதான் வந்து இறங்கும். வண்டி நின்று நின்று தரை குழி விழும். குழியைச் சதுரமாக வெட்டி, ஜல்லி இடித்து, தார் ஊற்றி, மணல் தூவவேண்டும். இறுகும்வரை ஈ உட்காரக் கூடாது.

அந்த வருஷம் லாரியே உட்கார்ந்தது.

நான் கடைசி பீப்பாய்த் தாரைக் கிண்டிக்கொண்டிருந்தேன். மண்டி ஏஜெண்ட் உள்ளே இருந்தபடியே, "ஏப்பா மேஸ்திரி, தார் காஞ்சிருச்சா?" என்றார்.

"நல்லா காஞ்சிருச்சுங்க."

நான் சொன்னது அடுப்பில் காய்ந்ததை. அவர் கேட்டது தரையில் காய்ந்ததை. என் பேச்சை நம்பி, சுமை ஏற்ற லாரியை உள்ளே விடச் சொல்லிவிட்டார். திரும்பிப் பார்த்தால், புதுத் தாரில் லாரி அச்சு வரைக்கும் இல்லாவிட்டாலும் என் உயிர் வரைக்கும் இறங்கியிருந்தது.

ஏஜெண்ட் ஓடிவந்து, வண்டியைப் பின்னால் எடுக்கச் சொன்னார். எடுத்தால் போட்ட தார் முழுக்கத் தோல் மாதிரி உரிந்து வந்துவிடும். மலைமேல் மேகம் வேறு கறுத்திருந்தது. ஒரு மழை போதும், மண்டி வாசல் குட்டையாகிவிடும். பின்சக்கரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

டிரைவர் தலையை நீட்டி, "மேஸ்திரி, நவுந்துக்குங்க. இந்த வண்டிக்கு பிரேக்கு அவ்வளவாப் பிடிக்காதுங்க" என்றான்.

அதைக் கேட்டதும் ஓடிவிடலாம் என்றுதான் பார்த்தேன். சூடு தாங்கக் காலில் சுற்றியிருந்த சாக்கு தாரில் ஒட்டிக்கொண்டது. இழுத்தேன், வரவில்லை. சரி, ஓட முடியாதவன் வீரனாகவாவது இருக்கலாம் என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

"உன் மேஸ்திரி வேலை இன்னைக்கோட போச்சு," என்றார் ஏஜெண்ட்.

"போகட்டுங்க. தார் இறுகாம வண்டி நவுராதுங்க."

கத்திப் பார்த்தார். நான் நகரவில்லை, நகரவும் முடியாது. கடைசியில் சுமையை ஆள் வைத்து ரோட்டுக்குக் கொண்டுபோய் வேறு வண்டியில் ஏற்றினார்கள். என்னைச் சாக்கை அறுத்து மீட்டார்கள். வெயில் தாழ்ந்து தார் இறுகியபின், சக்கரத்தடியில் மணல் கொட்டி லாரியை எடுத்தோம். நான்கு பள்ளம்தான், அடைத்துவிட்டோம்.

தார் வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 'காஞ்சிருச்சா' என்று எவர் கேட்டாலும், 'அடுப்பிலயா, தரையிலயா' என்று கேளுங்கள்.

மழை முடிந்ததும் அதே ஏஜெண்ட் இன்னொரு ஒட்டு வேலைக்கு என்னைக் கூப்பிட ஆள் விட்டார். வாரேன், ஆனால் முன்னால் செருகிச் சுற்றி லாரியை ஸ்டார்ட் பண்ணுகிற ஹேண்டில் வேலை முடிகிறவரை என்னிடம் இருக்கவேண்டும் என்று சொல்லியனுப்பினேன்.

ஹேண்டிலை டிரைவரே கொண்டுவந்து கொடுத்தான்.