ஓட்டை வைத்த கட்டில்

எர்ணாவூர் குடியிருப்பில் எங்கள் வீடு மூன்றாவது மாடி. அந்தக் கட்டிலை மேலே கொண்டுவர ஒவ்வொரு திருப்பத்திலும் சாய்த்துப் பிடிக்க வேண்டியிருந்தது. படியில் ஒதுங்கி வழிவிட்டவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். மெத்தையில் ஒரு கோடியில் எதற்கு அவ்வளவு பெரிய ஓட்டை? ஆஸ்பத்திரிக் கட்டில், தெரிந்தவர்கள் கொடுத்தார்கள் என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்லவில்லை. பொய் சொல்லிப் பழகிய வாய், தானாக வந்துவிட்டது.

அது மசாஜ் கட்டில். குப்புறப் படுப்பவர் முகத்தை வைத்து மூச்சு விடுவதற்குத்தான் அந்த ஓட்டை.

நகரத்தின் மறு கோடியில் ஒரு தீம் பார்க் இருக்கிறது. அதையொட்டிய ஓட்டலில், அலைக் குளத்துக்குப் பின்பக்கம், ஒரு ஸ்பா இருந்தது. நான்கு வருடம் அங்கே மசாஜ் செய்தேன். விம்கோ நகரில் ரயில் ஏறி, இன்னொரு ரயில் மாறி, அதன்பிறகு கம்பெனி வண்டி. உள்ளே புல்லாங்குழல் இசை ஓடும். சுவருக்கு அந்தப் பக்கம் ராட்டினத்தில் தலைகீழாகத் தொங்குபவர்கள் உயிர் போகிற மாதிரி கத்துவார்கள். படுத்திருக்கும் அம்மணிகள் அந்தச் சத்தத்திலும் குறட்டை விடுவார்கள். அம்மணிகள் என்று சொல்வது காரணமாகத்தான். பெண்களுக்குப் பெண்கள், ஆண்களுக்கு ஆண்கள் என்பது அங்கே கண்டிப்பான விதி. ஓட்டைக்கு நேர் கீழே தரையில் ஒரு பித்தளை உருளியில் தண்ணீர் ஊற்றி ரோஜா இதழ் போட்டு வைப்போம். குப்புறக் கிடப்பவர்கள் எங்கள் காலைப் பார்த்துக்கொண்டு கிடக்கக் கூடாதாம்.

வீட்டில் டவல் மடிக்கும் வேலை என்று சொல்லியிருந்தேன். எங்கள் பக்கம் மசாஜ் என்றால் போலீஸ் ரெய்டு செய்தியில் முகத்தை மூடிக்கொண்டு வேனில் ஏறும் பெண்கள்தான். எங்கள் பிளாக்கில் ஒருவர் கம்பெனி சுற்றுலாவில் அந்தப் பார்க்குக்கு வந்தார். சீருடையோடு ஸ்பா வாசலில் நின்று, கால் மசாஜ் செய்துகொள்ள வாருங்கள் என்று நான் கூப்பிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டார். அன்று சாயங்காலமே விஷயம் நைனாவின், அதாவது என் அப்பாவின், காதுக்குப் போய்விட்டது.

நைனா என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை, வேலையை விடு என்றும் சொல்லவில்லை. பேச்சை நிறுத்திவிட்டார். ஏதாவது வேண்டுமென்றால் அம்மாவிடம், "உன் பொண்ணாண்ட சொல்லு" என்பார். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பேன். என் சம்பளத்தில் வந்த சோற்றை மட்டும் நேராகச் சாப்பிட்டார் என்று எனக்கு உள்ளுக்குள் எரியும். பெண்களைத்தான் தொடுகிறேன் என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். கேட்காதவருக்கு ஏன் சொல்ல வேண்டும் என்ற வீம்பு. மூன்று வருடம் அப்படியே போனது.

நைனா காசிமேட்டில் ஐஸ் லோடு இறக்குபவர். ஒருநாள் காலை லாரி மேலிருந்து ஐஸ் பாளத்தோடு சறுக்கி விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த இரண்டாம் மாதம் இடுப்புக்குப் பின்னால் புண் வந்தது. ஒரு நாளைக்குச் சில மணி நேரமாவது குப்புறப் படுக்க வையுங்கள், அந்த இடத்தில் பாரம் விழாமல் இருந்தால்தான் ஆறும், ஆழமாகப் போனால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொன்னார். பாயில் குப்புறப் போட்டால் நைனாவுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. மூச்சு முட்டுகிறது என்று கத்தினார்.

அந்தச் சமயத்தில்தான் ஸ்பாவை மூடினார்கள். வருகிறவர்கள் ராட்டினத்துக்கும் தண்ணீருக்கும்தான் வருகிறார்கள் என்று நிர்வாகத்துக்குத் தாமதமாகப் புரிந்தது. கடைசி நாள் போனபோது எங்கள் அறையில் கூரை வரைக்கும் ரப்பர் டியூப்களை அடுக்கியிருந்தார்கள். கட்டில்கள் மோட்டார் ரூமுக்குப் பின்னால் வெயிலில் கிடந்தன. குப்பைக்குப் போகிறது, வேண்டுமானால் ஒன்றை எடுத்துக்கொண்டு போ என்றார் சூப்பர்வைசர். ஒரு குட்டி யானை லோடு வண்டியைப் பிடித்துக் கொண்டுவந்தேன். வேலை போன துக்கத்தைவிட, நைனாவின் முதுகுக்கு ஒரு வழி கிடைத்த சந்தோஷம்தான் அன்று பெரிதாக இருந்தது.

அந்தச் சந்தோஷம் கீழ் வீட்டு அக்கா மேலே ஏறி வரும் வரைக்கும்தான். அவர் நல்ல மனசுக்காரர். கையில் ஒரு பக்கெட்டோடு வந்து, அதை ஓட்டைக்குக் கீழே சரியாக வைத்துவிட்டுத் திருப்தியாக நிமிர்ந்தார்.

"நல்ல கட்டில் புட்ச்சினு வந்தம்மே. இனிமே உங்கம்மா துணி கசக்க வாணாம்."

இடுப்பை அந்தக் கோடியில் வைத்தால் கால் எங்கே போகும் என்று அவர் யோசிக்கவில்லை. வாசலில் நின்ற இரண்டு பேர் தலையாட்டினார்கள். பாயில் கிடந்த நைனா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணை மூடிக்கொண்டார். அது முகத்துக்கு வைத்த ஓட்டை என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், எந்த ஊர் ஆஸ்பத்திரியில் முகத்துக்கு ஓட்டை வைக்கிறார்கள் என்ற கேள்வி வரும். நான் பக்கெட்டை எடுத்து ஓரமாக வைத்தேன், அவ்வளவுதான்.

அந்தக் கட்டிலில் ஏற மாட்டேன் என்று நைனா நான்கு நாள் பிடிவாதமாக இருந்தார். அன்று அக்காவும் மற்றவர்களும் போன பிறகே அம்மாவிடம் விளக்கினேன், அம்மா அவரிடம் விளக்கினார். அவர் நம்பவில்லை. ஐந்தாம் நாள் புண்ணிலிருந்து வந்த வாடை வீடு முழுக்க நின்றது. அதற்குப் பிறகுதான் சம்மதித்தார். அந்த நான்கு நாளை நான் இன்னும் மறக்கவில்லை.

நானும் அம்மாவும் அவரைத் தூக்கிக் குப்புறப் படுக்க வைத்தோம். முகம் ஓட்டையில் சரியாகப் பொருந்தியது. தண்ணி லாரி வந்த சத்தம் கேட்டு அம்மா குடத்தோடு கீழே ஓடினார். புண்ணைத் துடைத்துக் கட்டிவிட்டு, உணர்வு இருந்த மேல் முதுகில் எண்ணெய் வைத்தேன். நான் தொட்ட முதல் ஆண் முதுகு என் நைனாவுடையது. ஐஸ் பாளம் தாங்கிய தோள் இரண்டும் கல் மாதிரி இருந்தன.

எங்கள் வீட்டில் உருளி ஏது, ரோஜா ஏது. கீழே வெறும் தரை. அவர் கண்ணுக்குத் தெரிந்தது என் கால் மட்டும்தான்.

"காலு இன்னாத்துக்கு இப்டி வீங்கிக் கீது?"

அம்மா வீட்டில் இல்லை. என்னிடம்தான் கேட்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"நாலு வருசமா நாள் பூரா நின்னுகினே வேல செஞ்சா வீங்காம இன்னா செய்யும்?" என்றேன். அதே வேகத்தில் மற்றதையும் சொல்லிவிட்டேன். "பொம்பளைங்களுக்கு மட்டும்தான் நைனா செஞ்சேன்."

ஓட்டைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?"

"நீ எங்க கேட்ட?"

அழுதேன். அவர் கண்ணுக்கு என் கால்தான் தெரியும் என்பதால் சத்தம் வராமல் அழ முடிந்தது.

அதன்பிறகு தினமும் செய்தேன். திருவொற்றியூரில் மசாலா பாக்கெட் போடும் கம்பெனியில் வேலை கிடைத்தது. காலை ஷிப்ட் முடிந்து வந்து மத்தியானம் நைனாவைக் கட்டிலில் ஏற்றுவோம். ஓட்டை வழியாகத் தரையைப் பார்த்தபடி அவர் பேசிக்கொண்டே இருப்பார். லோடு கதை, கடல் எங்கள் பழைய வீட்டைக் கொண்டுபோன கதை, மூன்று வருடப் பாக்கிப் பேச்சு எல்லாம் வந்தது. தோள் இளகியது. புண் மட்டும் ஆறவில்லை.

ஒருநாள் காய்ச்சல் கொதித்தது. ஆம்புலன்ஸில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். புண் எலும்பு வரை போய்விட்டது என்றார்கள். வார்டில் நர்ஸ் அவரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மேல் முதுகுத் தோலை இவ்வளவு நன்றாக யார் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டார். நைனா தலையைத் தூக்கி, வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"எம் பொண்ணு. பெரிய ஓட்டல்ல மசாஜ் வேல பாத்தவ."

பக்கத்துக் கட்டிலுக்குத் துணைக்கு வந்திருந்த ஆள் என்னை மேலும் கீழும் பார்த்தான். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"இல்ல சிஸ்டர்," என்றேன். "நான் பேக்கிங் கம்பெனில கீறேன். காய்ச்சல்ல நைனாவுக்கு வாய் கொளறுது."

நைனா என் முகத்தைப் பார்த்தார். கோபம் இல்லை. நர்ஸ் பக்கம் திரும்பினார்.

"ஆமா சிஸ்டர். பேக்கிங் கம்பெனிதான். நான்தான் மறந்துட்டேன்."

மூன்றாம் நாள் போய்விட்டார். இடையில் தண்ணீர் கேட்டார், அம்மாவைக் கேட்டார். என் வேலையைப் பற்றிப் பிறகு பேசவில்லை.

பதினாறு முடிந்து கீழ் வீட்டு அக்கா வந்தார். மாமியார் படுத்த படுக்கையாகிவிட்டாராம், அந்த ஆஸ்பத்திரிக் கட்டில் கிடைக்குமா என்று கேட்டார். அது ஆஸ்பத்திரிக் கட்டில் இல்லை, மசாஜ் கட்டில், ஓட்டை முகத்துக்கு, நான் மசாஜ் வேலைதான் செய்தேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

"ஓட்ட மூஞ்சிக்குன்றதுதான் தெர்யாது," என்றார் அக்கா. "மீதி இந்த பிளாக் மொத்தத்துக்கும் தெர்யுமே."

நான் ஒரு பக்கம் பிடித்தேன், அவர் ஒரு பக்கம் பிடித்தார். திருப்பங்களில் சாய்த்துச் சாய்த்துக் கீழே இறக்கினோம்.