நாலு நாள் அதிகாரம்

உதட்டில் விரலை வைத்தபடி சன்னாசி என் மோட்டார் சைக்கிளை மறித்தார். "எஞ்சின அடைச்சிட்டு தள்ளிக்கிட்டுப் போ தம்பி. உள்ள பிள்ளைங்க கணக்கு எழுதுதுங்க." பள்ளி வேலியைத் தாண்டும்வரை தள்ளினேன். திரும்பிப் பார்த்தால், மனிதர் கூவப்போன சேவல் ஒன்றைத் துரத்திக்கொண்டிருந்தார்.

பெடாஸ் பக்கத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் பத்தொன்பது வருடமாக இவர்தான் ஜாகா, காவல்காரர். வாசலில் நாற்காலி, பிளாஸ்கில் கோப்பி, தோளில் துண்டு. சாதாரண நாளில் இவர் பேச்சை மனைவி ராக்கம்மாகூடக் கேட்பதில்லை. 'சத்தம் போடாதீர், பரீட்சை நடக்கிறது' என்ற பலகையைச் சாலையில் வைத்துவிட்டால் மட்டும் தோட்டமே இவர் கைக்குள். புல்வெட்டும் மெஷின் ஓய்ந்துவிடும். கோயில் ஒலிபெருக்கி அடங்கும். குடும்பச் சண்டையில் ஒருநாளும் விட்டுக்கொடுக்காத மைத்துனன் சுகுமாறன், செம்பனைக் குலை லாரியோடு வாய் திறக்காமல் காத்து நிற்பான்.

வருடத்தில் இருபத்தாறு நாள் இந்த ராஜ்ஜியம் நடந்தது. போன ஜனவரியில் தலைமையாசிரியை மோகனா வந்து சொன்னார்: "இனிமே நாலே நாளுதான் எக்ஸாம் அண்ணே. மிச்ச நேரம் பிள்ளைங்க படிக்கட்டும், விளையாடட்டும்."

"பிள்ளைங்களுக்கு நல்லதுதான் லா," என்றார் சன்னாசி என்னிடம். "ஆனா நாலு நாளுக்கு எவன் பயப்படுவான்?" எனக்கே பாவமாக இருந்தது.

அடுத்த திங்கட்கிழமையே பலகை சாலைக்கு வந்துவிட்டது. மூன்று லாரிகள் வரிசையாக நின்றன. மோகனா பள்ளிக்குள்ளிருந்து வாசலுக்கு வந்தார்.

"எந்த வகுப்புக்குண்ணே பரீட்சை?"

"ரெண்டாம் வகுப்பு படம் வரையுது டீச்சர். கை ஆடிடக்கூடாது பாருங்க."

பலகை அன்றே ஸ்டோர் அறைக்குப் போய்விட்டது. அதன்பிறகு சில வாரம் லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போக, சன்னாசி சாலைக்கு முதுகு காட்டி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

முன்பெல்லாம் அரையாண்டுப் பரீட்சை நடக்கும் வாரத்தில் மறுபடி அந்தப் பக்கம் போனேன். திடலில் பிள்ளைகள் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். சுகுமாறனின் லாரி வளைவில் திரும்பியது. சன்னாசி எழுந்து நின்றார். பலகை இல்லை, கையும் காட்டவில்லை. லாரி வேகம் குறைந்து வாசலில் நின்றது. சுகுமாறன் எஞ்சினை அடைத்துவிட்டுத் தலையை நீட்டினான்.

"என்னா மாமா, இன்னிக்கிப் பரீட்சைதானே? இந்த மாசம்னா எப்பவும் இருக்குமே."

ஆமாம் என்று சொல்லச் சன்னாசிக்கு வாய் வந்தது, பார்த்தேன். அதற்குள் பிள்ளைகள் வேலியோரம் ஓடிவந்து, கையைத் தூக்கித் தூக்கி, இல்லாத கயிற்றை இழுப்பதுபோல் இழுத்து, லாரியிடம் ஹார்ன் அடிக்கக் கேட்டார்கள்.

சன்னாசி தலைமையாசிரியையின் சன்னலை ஒருமுறை பார்த்தார். உதட்டுக்குப் போன விரலை இறக்கிக்கொண்டார். பிறகு அந்தக் கையையே உயரத் தூக்கி, மைத்துனனைப் பார்த்து இரண்டு முறை பலமாக இழுத்தார்.