கொழுந்துக் கம்பியில் வந்த மூன்று தட்டு

சுதந்திரம் கிடைத்த புதிதில், இலங்கை மலையகத்தில் டயகமப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து மூட்டைகள் மேல்மலையிலிருந்து கம்பியில் தொங்கித்தான் ஃபெக்டரிக்கு இறங்கும். மேலே கொக்கியில் மாட்டி விடுபவன் நான். கீழே வாங்குபவர் என் தாய்மாமன். பனிமூட்டத்தில் ஒருவருக்கொருவர் தெரியாது. நான் தடியால் கம்பியில் மூன்று தட்டுவேன். கம்பியை இறுகப் பிடித்து நிற்கும் மாமா மூன்று திருப்பித் தட்டினால் மூட்டையை விடுவேன். அந்த அதிர்வு உள்ளங்கைக்கு வந்து சேரும் சுகத்துக்கு இன்றும் ஏங்குகிறேன்.

ஒரு நாள் காலையில் தட்டினேன். மூன்றும் வந்தன, விட்டேன். கம்பி முடியும் இடத்தில் குனிந்து, காலில் ஏறிய அட்டையைப் பிய்த்துக்கொண்டிருந்த மாமாவின் தோளில் மூட்டை இடித்து எலும்பு முறிந்தது.

தான் தட்டவே இல்லை என்றார் மாமா. தட்டினார் என்று நான் அடித்துச் சொன்னேன். காலைப் பெரட்டில், பெயர் கூப்பிட எல்லோரும் கூடியிருந்தபோது, மாமா பொய் சொல்கிறார் என்று, தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா முடித்துவிட்டார். அதன்பிறகு தன் பெயர் வந்தால் மாமா வாய்க்குள்ளேயே பதில் சொன்னார். என்னோடு பேசவே இல்லை.

பல வருடம் கழித்து மின்சார வேலை கிடைத்து, கொழும்பில் பயிற்சி வகுப்பில் இருந்தேன். ஆசிரியர் பலகையில் நீண்ட மின்கம்பி ஒன்றை வரைந்து 'சர்ஜ் இம்பீடன்ஸ்' என்று எழுதினார். மின்னல் தாக்கி ஓடும் அலைக்கு ஒவ்வொரு கம்பியும் தனக்கென்று ஓர் எதிர்ப்பு வைத்திருக்கிறதாம். கோடியிலும் அதே அளவு எதிர்ப்பு இருந்தால் அலை அங்கேயே அடங்கும், இல்லாவிட்டால் வந்த வழியே திரும்பும் என்றவர், ஒரு கயிற்றை ஜன்னலில் கட்டி உதறிக் காட்டினார். அலை போய் அவர் கைக்கே திரும்பியது.

எனக்குக் கொழுந்துக் கம்பி நினைவுக்கு வந்தது. என் தட்டுகள் அன்றாடம் மாமாவின் பிடியில் அடங்கிப்போயின. அன்று பிடிக்க ஆளில்லாததால் என்னிடமே திரும்பி வந்திருக்கின்றன.

சனிக்கிழமையே தோட்டத்துக்குப் போனேன். தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்து வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமாவிடம் எல்லாம் சொல்லி அழுதேன்.

"எங்கிட்ட மட்டும் சொன்னா எப்புடி? எல்லாரும் இருக்கப்பதான என்னைய பொய்யன்னாங்க" என்றார்.

அடுத்த பெரட்டில் அதே கண்டாக்கு ஐயா முன்னால் கயிற்றைத் தூணில் கட்டி உதறிக் காட்டினேன். சர்ஜ் இம்பீடன்ஸ் ஒருவருக்கும் புரியவில்லை.

"மாமா தட்டலீங்க. நான் தட்டுனதுதான் திரும்பி வந்துச்சு" என்றேன். அது எல்லோருக்கும் புரிந்தது.

கண்டாக்கு ஐயா பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தார். மாமாவின் பெயர் வந்தது.

"இருக்கேங்க" என்றார் மாமா, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி.