அஞ்சம்மாளுக்கு ஒரு நம்பர்

எழிலரசி இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவே நைலான் நூலை இழுத்துக் கட்டிக்கொண்டிருக்கிறாள். வலை பின்னுகிற நூல். கம்ப்யூட்டர்கள் எல்லாம் அணைந்து கிடக்கின்றன. பணம் கட்டிப் படிக்க வந்த நாங்கள் சுவரோரமாக நிற்கிறோம். "மவுச தொட்டா கைய ஒடிச்சிடுவேன். எது எதோட சேருதுன்னு மொதல்ல நூலு கட்டிப் பாருங்க. அப்புறம்தான் கம்ப்யூட்டரு" என்கிறாள்.

நாலு நாற்காலி ஆள். இரண்டு நாற்காலி படகு. ஒரு படகில் நாலு பேருக்குப் பங்கு. அதில் ஒருவருக்கு அடுத்த படகிலும் பங்கு. நூலைக் கட்டக் கட்ட அறையே சிக்கலாகிறது. அவள் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து நடுவில் போட்டு, எல்லா நூலையும் அவிழ்த்து அதில் கொண்டுவந்து கட்டுகிறாள். "இதுதான் பங்கு டேபிளு. எந்த ஆளு, எந்தப் படகு, அவ்ளோதான் இதுல இருக்கும். இப்ப சிக்கு உட்டுச்சா?" விட்டுவிட்டது.

அவளுடைய கம்ப்யூட்டர் சென்டர் கடலூர் செம்மண்டலத்தில், பஞ்சர் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. சொந்த ஊர் முதுநகரைத் தாண்டி ஒரு மீனவக் குப்பம். தினமும் சிதம்பரத்துக்குப் பஸ்ஸில் போய்வந்து படித்தவள். முப்பது ஆகப்போகிறது. கல்யாணப் பேச்சை எடுத்தால், "எனக்கு வேல ஜாஸ்தி" என்று நறுக்கிவிடுவாள். பாடம் நடத்தும்போது பல்லில் ஒரு ஹேர்பின் இருக்கும். கோபம் வந்தால் அது கொண்டைக்குப் போய்விடும்; அதற்குமேல் நாங்கள் வாயைத் திறப்பதில்லை.

நான் ஒரு சின்னப் பத்திரிகை நடத்துகிறவன். சந்தாதாரர் விவரம் மொத்தத்தையும் ஒரே அட்டவணையில் அடைத்துக் கொண்டுபோய்ப் பெருமையாகக் காட்டினேன். மூன்று வருஷம் சந்தா கட்டியவரின் விலாசம் அதில் மூன்று இடத்தில் இருந்தது. அவர் வீடு மாறியபோது நான் ஓரிடத்தில் மட்டும் திருத்தியிருந்தேன். பத்திரிகை பழைய வீட்டுக்கே போய்க்கொண்டிருந்தது. "இதுக்குப் பேரு டேபிளா சார்? ஆளு ஒரு டேபிளு, சந்தா ஒரு டேபிளு. ஆளுக்கு ஒரு நம்பர் குடுங்க. சந்தாவுல அந்த நம்பர மட்டும் எழுதுங்க. வெலாசம் ஒரே எடத்துல இருந்தா ஒரு தடவ திருத்துனா போதும்ல?" எனக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. காதைத் திருகாததுதான் பாக்கி.

சுனாமி வந்து நாலு வருஷமாகியும் வீடு கிடைக்காதவர்கள் அவள் ஊரில் இருந்தார்கள். கட்டித்தர ஒரு தொண்டு நிறுவனம் முன்வந்தது. ஊர்ப் பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, தலைவர் கையெழுத்தோடு கொடுக்கச் சொன்னது. தலைவர் கொளஞ்சியப்பன், "நம்ம ஊட்டுப் பொண்ணு இருக்க வெளில எதுக்குப் போவணும்" என்று எழிலரசியிடமே வந்தார்.

அவர் கொண்டுவந்தது தலைக்கட்டுப் பட்டியல். அந்த ஊரில் கல்யாணமான ஆண்தான் ஒரு தலைக்கட்டு. ஊருக்கு வரிப்பணம் கொடுப்பவரும் அவரே. மனைவி, பிள்ளைகள், படகு எல்லாம் அவர் பெயருக்குப் பக்கத்தில், அதே வரியில். அவர் இறந்தால் அந்த வரியை அடித்துவிடுவார்கள். மகன் கல்யாணம் கட்டித் தலையெடுக்கும்வரை அந்த வீட்டுக்குக் கணக்கில் இடமில்லை.

அவள் அதை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றி முடித்தாள். "பச்சமுத்து கடல்ல பூட்டான். அவன எடுத்துடு" என்றார். எழிலரசி எடுத்தாள். திரையிலிருந்து பச்சமுத்து போனார். அதே வரியில் இருந்த மனைவி அஞ்சம்மாளும் இரண்டு பெண்களும் கூடவே போனார்கள்.

ஹேர்பின் கொண்டைக்குப் போனது. "செத்தது ஒரு ஆளு மாமா. இந்த மூணு பேர யாரு சாவடிச்சது?"

"ஊரு வழக்கம்மா. பாட்டன் காலத்துலேர்ந்து இப்பிடித்தான்."

"அப்ப பாட்டன் காலத்துலேர்ந்து டேபிள தப்பா போட்டு வெச்சிருக்கீங்க."

பட்டியலைப் பிரித்துப்போட்டு முதலிலிருந்து தொடங்கினாள். வீடு தனி, ஆள் தனி, படகு தனி, பங்கு தனி. ஆணோ பெண்ணோ, கைக்குழந்தையோ, ஆளுக்கு ஒரு நம்பர். பச்சமுத்துவின் நம்பருக்கு நேரே 'இறந்தவர்' என்று குறித்தாள். அஞ்சம்மாள் தன் நம்பரோடு தன் வீட்டில் இருந்தாள். எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. ஆனால் வாயில் வந்ததோ, "ஊரைப் பகைச்சுக்காதம்மா" என்ற புத்திமதி. "ஏன் சார், அஞ்சம்மாக்கா ஊரு இல்லியா?" என்று கேட்டாள்.

பட்டியலை அனுப்ப வேண்டிய நாளில் கொளஞ்சியப்பன் மறுபடி வந்தார். இந்த முறை குரலில் பெருமை இல்லை. "பொம்பள பேர்ல ஊடு குடுத்தா நாளைக்கு ஊர்ல ஒருத்தன் என்னைய மதிப்பானா? அந்தப் பேர எடு. இல்லன்னா உங்கம்மா நம்ம ஊரு ஏலத்துல மீனு எடுக்க முடியாது, பாத்துக்க." எழிலரசியின் அம்மா ஏலத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்பவள். அந்த வருமானம் போனால் வீடு ஆட்டம் கண்டுவிடும்.

எழிலரசி மாடிக் கைப்பிடியில் எட்டிப் பார்த்து, "யக்கா, மேல வா" என்று கூப்பிட்டாள். செம்மண்டலத்தில் மீன் விற்க வரும் அஞ்சம்மாளைக் காலையிலேயே கீழே நிறுத்திவைத்திருக்கிறாள். வந்தவளைத் தலைவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்த்தி, கீபோர்டை அவர் முன்னால் தள்ளினாள்.

"இந்த வரியிலதான் அக்கா இருக்காங்க. டெலிட் பட்டன் இது. நான் அழுத்த மாட்டேன் மாமா. அவுங்க பாக்க நீங்களே அழுத்துங்க."

அஞ்சம்மாள் திரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "என்னா அண்ணே, என்னைய எடுக்கப் போறீங்களா?"

கொளஞ்சியப்பன் கையைத் தூக்கினார். அது கீபோர்டுக்குப் போகவில்லை. தோள் துண்டைச் சரிசெய்துவிட்டு மடிக்கு வந்துவிட்டது. எழிலரசி பிரிண்ட் கொடுத்தாள். வந்து விழுந்த தாள்களை அடுக்கி அவர் முன்னால் வைத்து, பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினாள். அவர் வாங்கும்வரை அந்தக் கை இறங்கவில்லை.