சிவசாமி அள்ளிய சேறு

தேயிலைத் தோட்டத்தில் இருபத்திரண்டு வருடம் உரம் போட்டவர் சிவசாமி. இப்போது தோட்டத்துக்குக் கீழே இருக்கும் நீர்த்தேக்கத்தில் வலை போட்டுத்தான் அவர் வீட்டில் அடுப்பெரிகிறது.

மூன்று நாளாக மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு செத்தன. மீன் பிடிக்கிறவர்கள் விஷம் போட்டுவிட்டார்கள் என்று யாரோ பெட்டிசன் எழுதிப் போட, மீன்வள அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். எல்லாருடைய மீன்பிடி அனுமதி அட்டையையும் ரத்து செய்யப் போகிறாராம். நல்ல நியாயம்! சோறு போடுகிற தண்ணீரில் விஷம் கலக்க இவர்களுக்கு என்ன பைத்தியமா? நடுத்தண்ணீரில் மணல் அள்ளும் மெஷின் ஒன்று ஒரு வாரமாக அடித்தரையை உறிஞ்சிக்கொண்டிருந்தது. அது மட்டும் அதிகாரியின் கண்ணில் படவில்லை.

"மாத்தயா, மேல சாவுறதெல்லாம் அடியிலதான் போய்ச் சேருது. அடிச் சேத்துப் புழுவத் தின்னுதான் மீனு கொழுக்குது. அந்தச் சேத்த மெஷினு போட்டுக் கலக்குனா மேல உள்ளதுக்கு மூச்சு முட்டாதா?" என்று அதிகாரியிடம் கேட்டார் சிவசாமி.

சேறு எங்கேயாவது மீனைக் கொல்லுமா என்று அதிகாரி சிரித்தார். சிவசாமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று தோணியில் ஏறிப் போனார். மெஷின் குழாய் கக்கியதை வாளியில் பிடித்து வந்து, அதிகாரியின் சப்பாத்துக்கு முன்னால் கவிழ்த்தார். அழுகிய முட்டை நாற்றம். அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார்.

கரிய சேற்றுக்குள் ஓர் உரச்சாக்கின் வாய்ப்பகுதி கிடந்தது. உரம் கரைந்து போயிருந்தது, சாக்கும் கிழிந்து போயிருந்தது, கட்டு மட்டும் அவிழவில்லை. கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றி இழுத்துப் போட்ட முடிச்சு. அந்த முடிச்சைப் போடுகிற ஆள் தோட்டத்தில் ஒருவர்தான்.

"இது யாருடைய சாக்கு?" என்று கேட்டார் அதிகாரி.

இவ்வளவு நேரம் அதிகாரி மேல் இருந்த கோபம் சிவசாமிக்குத் தன் மேலேயே திரும்பியது.

"என்னோடதுங்க. மழ வந்தாலும் அன்னைக்கு உள்ள சாக்கு அன்னைக்கே தீரணும்னு மேல்பார்வை பாக்குற கண்டாக்கு நிப்பாரு. தீரலன்னா அரைநாள் சம்பளந்தான் போடுவாரு. மிச்சத்தக் கட்டி இந்தத் தண்ணிக்கு வர்ற ஆத்துல தள்ளிருவோம். வருசக்கணக்கா நானே தள்ளுனேன். அந்த உரத்துல பாசி மண்டி, செத்து, அடியில அழுகிக் கெடக்குது."

சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார். "என்னோடத எடுத்துக்கங்க. மத்தவங்கள விட்ருங்க. ஆனா அந்த மெஷின நிப்பாட்டிட்டுத்தான் நீங்க போகணும்."

அதிகாரி அட்டையை வாங்கி மடித்து வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார். மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சிவசாமி மிச்சச் சேற்றை வாளியில் அள்ளிக்கொண்டு போய், ஜீப்புக்கு முன்னால் ரோட்டில் உட்கார்ந்தார்.