நெல் சுணை

எங்கள் வீட்டில் யார் இருமினாலும் அதற்குக் காரணம் சுணைதான். அறுப்பு மெஷின் கிளப்புகிற பொடித்தூசி தொண்டையில் இறங்கினால் இருமல் வரும், கருப்பட்டிக் காப்பி குடித்தால் போய்விடும். திருத்துறைப்பூண்டிப் பக்கம் இது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். இந்த மேதாவித்தனத்துக்குத்தான் எங்கள் செவலையைப் பலி கொடுத்தோம்.

செவலை என் நாய். கல்யாணமாகி வந்த வருஷம் வாய்க்கால் மதகடியில் கிடந்த குட்டியைத் தூக்கி வந்தேன். வளர்ந்ததும் மாமனார் அதைத் தன் ஆளாக்கிக்கொண்டார். கொள்முதல் நிலையத்து வாசலில் நெல்லைக் குவித்துப்போட்டு, எடை போடும் முறைக்காகக் காத்துக் கிடக்கிற நாட்களில் அதுதான் காவல். மாமனார் கொசுவலைக்குள் படுப்பார். செவலை குவியல் மேல் படுக்கும். அப்பப்பா, அங்கே கொசு ஆளையே தூக்கிக்கொண்டு போகும்.

சம்பா அறுப்பில் அது இருமத் தொடங்கியது. எதையோ கக்க வருவதுபோல வறட்டு இருமல். "டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடலாம் மாமா" என்றேன்.

"நாய்க்கு டாக்டரா? சுணைம்மா. நெல்லு மேல படுத்தா இருமாதா?" என்று சிரித்தார். என் கணவரும் சேர்ந்து சிரித்தார்.

சித்திரை வந்தது. வயலில் ஒரு பதர்கூட இல்லை. செவலை தெருமுனை வரை நடந்தாலே மூச்சு இரைத்து உட்கார்ந்துவிட்டது. "இப்ப எங்கேருந்து மாமா வருது சுணை?" என்று கேட்டேன். "வைக்கப்போர்ல படுக்குதுல்ல" என்றார். அந்த மனிதரிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. வயிறு உப்பியபோது, "தின்னுட்டுத் தின்னுட்டுப் படுத்தா தொந்திதான்" என்றார்.

அதற்குமேல் நான் யாரையும் கேட்கவில்லை. கார் பிடித்துத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனேன். கால்நடை டாக்டரம்மா ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு என்னையும் பார்க்கச் சொன்னார். ரத்தத்துக்குள் நூல் நூலாக என்னவோ நெளிந்தது.

"இதெல்லாம் குட்டிப் புழுங்க. பெரிய புழு இதயத்துல இருக்கு, ஸ்கேன்ல தெரியுது. கொசுக்கடியில வர்றதுங்க. இருமல் ஆரம்பிச்சப்பவே ரத்தத்தைப் பாத்திருந்தா காப்பாத்தியிருக்கலாம். இப்ப வயித்துல தண்ணி கோத்துடுச்சு. மருந்து கொடுத்தா, செத்த புழு போய் நுரையீரலை அடைச்சுடும்."

ஆடி பிறப்பதற்குள் செவலை போய்விட்டது. வாய்க்கால் கரையில் நானே குழி வெட்டினேன். "ஒரு நாய்க்குப் போயி இவ்வளவா?" என்றார் கணவர். நான் மண்ணைத் தள்ளிக் குழியை மூடினேன்.

அடுத்த தையில் மாமனார் இருமினார். ஒரே ராத்திரிதான். விடிந்ததும் கணவர் வாசலில் காரை நிறுத்திவிட்டார். தஞ்சாவூரில் ரத்தம், எக்ஸ்ரே, இதயத்துக்கு ஸ்கேன், ஒன்று விடவில்லை. கடைசியில் டாக்டர் சொன்னார்: "பயப்பட ஒண்ணுமில்லீங்க. நெல் சுணைதான்."

திரும்பி வரும்போது மாமனார் தெம்பாகப் பேசிக்கொண்டு வந்தார். "குவியலுக்குக் காவல் இல்லாம கஷ்டமா இருக்கு. நல்ல குட்டியா ஒண்ணு பாக்கணும்."

"அப்போ அந்தக் குட்டிக்கும் ஒரு கொசுவலை வாங்குங்க மாமா" என்றேன்.